அதிகாரிக்கு வடை சுட்ட வீடு

1

பழுப்பு உறை வந்து, போன வாரத்தோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் விளம்பரம், வாழ்த்து, பல் டாக்டர் நினைவூட்டல் எல்லாம் வெள்ளை உறையில் வரும். அரசாங்கம் மட்டும் பழுப்பு உறையில் எழுதும். கதவில் இருக்கிற பொந்து வழியாகத் தபால்காரர் தள்ளிவிட்டுப் போவார். அது கீழே விழுகிற சத்தத்தை வைத்தே எந்த உறை என்று எனக்குத் தெரிந்துவிடும். மெல்லிய தாள், தட்டென்று விழும்.

அந்தக் கடிதம் சொன்னது இதுதான். நீங்கள் இதுவரை வாங்கி வந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மூடுகிறோம். அதற்குப் பதில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வேண்டுமென்றால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். பழையதைக் கொடுத்தபோது செய்த பரிசோதனை இதற்குச் செல்லாது, மறுபடி முதலிலிருந்து பார்ப்போம். குறித்த தேதிக்குள் கேட்காவிட்டால் பழையதும் நின்றுவிடும்.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. அப்படி என்றால் என்ன என்று ஊரில் கேட்பீர்கள், நியாயம்தான், எனக்கே நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. பிறவியிலேயே மூளை வேறு மாதிரி அமைந்துவிடுவது. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் என்னை அடித்துப் போட்டுவிடும். வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். சொன்னால் சொன்னதுதான், சொல்லாமல் விட்டதை ஊகிக்க எனக்கு வராது. பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எழுத்து மட்டும் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் பரளச்சியில் இதற்கெல்லாம் வேறு பெயர் இருந்தது. கூச்சக்காரி, பிடிவாதக்காரி, திமிர் பிடித்தவள். மூன்று பட்டத்தையும் ஒரே நாளில் வாங்கியிருக்கிறேன்.

மகள் கயலைப் பள்ளியில் சேர்த்த பிறகு, அங்கிருந்த டீச்சர் பிள்ளையைக் கவனித்தாரோ இல்லையோ, என்னைக் கவனித்துவிட்டார். அவர் சொல்லித்தான் மருத்துவரிடம் போனோம். பிறகு உதவித்தொகை வந்தது. அதை வைத்து மார்கரெட் என்ற அம்மாளை வாரத்தில் சில நாள் வரவழைத்தோம். அவர் வந்தால் நான் கடைக்குப் போவேன், ஆஸ்பத்திரிக்குப் போவேன், பூங்காவில் ஒரு சுற்று நடப்பேன். அவர் வராத நாளில் வீட்டுக்குள் இருப்பேன். ஆகவே அந்தக் கடிதத்தை நான் படித்த விதம் மிகச் சுருக்கம்: மார்கரெட் இனி வருவாரா, மாட்டாரா.

2

ஊரில் எங்களுக்கு மானாவாரிப் பருத்தி. எடுத்த பருத்தியை விலை வரும்வரை உள் அறையில் குவித்துப் போட்டிருப்பார்கள். அந்தக் குவியலுக்குள் புகுந்துகொண்டால் வெளிச்சத்தம் கேட்காது. கோயில் ஒலிபெருக்கி, டிராக்டர், சொந்தக்காரர்கள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தால் நான் அங்கேதான். அம்மா காலைப் பிடித்து வெளியே இழுப்பார். தலை நிறையப் பஞ்சோடு போய்க் கும்பிடு போடுவேன். நல்ல வேளை, பருத்திக்கு விலை ஏறாத வருடங்கள் நிறைய இருந்தன.

என்னைப் பெண் பார்க்கப் பந்தல்குடியிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வாரம் எனக்குப் பயிற்சி நடந்தது. தட்டை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது, எப்போது உள்ளே போவது. கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தார்.

"கண்ணப் பாக்க முடியலேன்னா பொட்டைப் பாரு. எதிராளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆம்பளைன்னா திருநீறு இருக்கும், அதைப் பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேக்காததைச் சொல்லித் தொலைச்சிராத."

நான் பொட்டைப் பார்த்தேன், திருநீற்றைப் பார்த்தேன், எல்லாம் நன்றாகவே போனது. தட்டில் இருந்த கேசரியைக் காட்டி, "எல்லாம் எம்மக கையால செஞ்சது" என்று அம்மா சொல்லும்வரை.

"இல்லம்மா, சித்தி செஞ்சாக" என்றேன்.

மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். லாரிப் பட்டறையில் தொழில் பழகி, துபாய் போய், அங்கிருந்து இங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வந்து சேர்ந்தவர். எழுதும்போதும் அவர் என்றே எழுதுகிறேன். பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்றெல்லாம் நம்பவில்லை, அப்படியே பழகிவிட்டது.

3

புதிய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். என் நிலையைப் பார்க்க ஒருவர் வீட்டுக்கே வருவார் என்று பதில் வந்தது. அந்த நாள்வரை நான் என்னை எப்படி ஓட்டினேன் என்றால், கடுகையும் கேழ்வரகையும் ஒரு தட்டில் கொட்டிக் கலந்து, மறுபடி பிரித்தேன். ஊரில் துவரையில் கல் பொறுக்குவேன், மனது அடங்கும். இங்கே பருப்பில் கல்லே இல்லை. இந்த நாட்டைப் பற்றி எனக்கு இருக்கிற குறைகளில் அதுவும் ஒன்று.

அவர் வேலைக்கு லீவு போட்டார். வீட்டைத் தேய்த்துக் கழுவினார். நான் போர்த்திக்கொள்கிற கனமான கம்பளி, காதை மூடுகிற கவசம், கடுகுத் தட்டு, எதை எப்போது செய்ய வேண்டும் என்று மார்கரெட் படம் வரைந்து ஒட்டிய அட்டைகள், நான் மூச்சுவிட உதவுகிற அத்தனையும் கட்டிலுக்கு அடியில் போயின. அருப்புக்கோட்டைச் சேலை ஒன்றை எடுத்து வைத்தார். காலையிலேயே எழுந்து உளுந்து ஆட்டி வடை சுட்டார்.

"மாரி, வர்றவுக உள்ள கால் வைக்கும்போதே வாங்கன்னு சொல்லிரு. சிரிச்ச மொகமா இரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"எனக்கு என்ன முடியலேன்னு பாக்கத்தான அவுக வாராக?"

"அதுக்காக? வீட்டுக்கு வர்ற மனுசிக்கு முன்னால அலங்கோலமாப் போயி நிப்பியா?"

வந்தவள் சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினாள். நான் "வாங்க" என்றேன், ஆங்கிலத்தில்தான். தட்டை எடுத்து வந்தேன். அவளுக்குப் பொட்டு இல்லை, கண்ணாடி இருந்தது, மூக்கின் மேல் அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டேன். உடம்பு பரளச்சியில் பழகியதை மறக்கவே இல்லை. எங்கே நிற்பது, எப்போது தலை அசைப்பது, எல்லாம் தானாக நடந்தது. உள்ளே எனக்குக் காது அடைத்துக்கொண்டிருந்தது, அவள் கேட்டதில் பாதி விழவில்லை. விழாத இடத்தில் எல்லாம் சிரித்தேன்.

சமைப்பாரா என்று அவரிடம் கேட்டாள். பிரமாதமாகச் சமைப்பாள் என்றார். வெளியே போவாரா? போவாள், வருவாள். மற்றவர்களோடு பழகுவாரா? எங்கள் குடும்பத்திலேயே எல்லோருக்கும் பிடித்தவள் இவள்தான். பிறகு வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இதெல்லாம் இவள் செய்ததுதான் என்றார்.

"இல்லை, வடை அவர் சுட்டது" என்றேன் நான்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் என்னை நன்றாகத் தமாஷ் பேசுகிறவள் என்று முடிவு செய்தார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் அதைப் பார்க்கவில்லை, பாவம், அவள்தான் போய்விட்டாளே.

4

முடிவும் பழுப்பு உறையில்தான் வந்தது. விண்ணப்பதாரர் நல்ல உடையணிந்து சுத்தமாக இருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசினார். விருந்தினருக்குத் தானே சமைத்துப் பரிமாறினார். நகைச்சுவை உணர்வு உண்டு. கணவர் எந்தச் சிரமமும் சொல்லவில்லை. ஆகவே உதவித்தொகை கிடையாது. ஒரு வரி கூட அந்தப் பெண் இட்டுக்கட்டவில்லை. அவளுக்கு நாங்கள் காட்டியதை எழுதியிருந்தாள். ஊரில் இப்படி ஒரு நற்சான்று கிடைத்திருந்தால் அம்மா சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

மார்கரெட் கடைசியாக வந்த நாளில் இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றினோம். அதற்குப் பிறகு நான் குளிர்காலம் முழுவதும் வெளியே போகவில்லை. ஒரே ஒரு நாள் பால் வாங்கப் போகலாம் என்று செருப்பை மாட்டினேன். தெருமுனை வரை போனதும் அங்கே ரோட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மெஷின் சத்தத்தில் எப்படித் திரும்பினேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நெற்றி வீங்கியிருந்ததை அவர் வந்து பார்த்துத்தான் தெரியும். அன்று அழுதேன். பயமாக இருந்தது, கேவலமாகவும் இருந்தது. இந்த வயதில் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியவில்லையே என்று.

மறுபரிசீலனை கேட்டோம், அதே பதில் வந்தது. இனித் தீர்ப்பாயம் ஒன்றுதான் என்றார்கள். கயல் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள், வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். அம்மாவுக்கு ஆட்டிசம் என்று சிநேகிதிகளிடம் சாதாரணமாகச் சொல்லக்கூடியவள். அவள் அப்பா அந்த வார்த்தையை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை, "அது" என்பார். விஷயம் தெரிந்ததும் ரயிலேறி வந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க ஏன் பொய் சொன்னீங்க? அம்மா சமைக்கிறதே இல்ல."

"ஏ பிள்ள, அது பொய்யா? எவளோ ஒருத்தி வந்து கேட்டா, உங்க அம்மாவை விட்டுக்குடுத்துப் பேசுவனா?"

"பேசணும்ப்பா. அதுக்குத்தான் அவங்க வந்தாங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பரளச்சிக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரன்கிட்டப் போயி எம்பிள்ளைக்குக் கோளாறுன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்? ஏத்தா, உந்தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். பாலவனத்தத்துல இருந்து நல்ல எடமா வந்திருக்கு. இப்பப் போயி இதைக் கெளப்பாதீக. கஞ்சி இல்லேன்னா இங்கிட்டு வாங்க, ஊத்துறேன்."

கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்று அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. நான் கேட்பது வாசலைத் தாண்டிப் போவதற்கு ஓர் ஆள். ஊரில் அது ஒரு தேவை என்றே யாருக்கும் தோன்றாது.

5

தீர்ப்பாயத்தில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அவர் ரொம்ப யோசித்தார்.

"வர்ற ஆளு தமிழாளாத்தான் இருப்பாகளோ?" என்று கயலிடம் கேட்டார்.

"தமிழுக்கு மொழிபெயர்க்க வேற யாரு வருவாங்க அப்பா?"

வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவிடலாம், தமிழாள் முன்னால் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டம். தமிழ் தெரியாத தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மாள், வயதானவர், அமைதியானவர்.

அது கோர்ட் மாதிரி இல்லை. ஒரு சாதாரண அறை, நீள மேசை, எதிரே மூன்று பேர். ஒருவர் நீதிபதி, ஒருவர் மருத்துவர், இன்னொருவர் தானே சக்கர நாற்காலியில் இருந்தார். கயல் எனக்கு ஒரு பக்கம், அவர் மறுபக்கம். காதுக் கவசத்தை மாட்டிக்கொள்ளலாம் என்று நீதிபதி அம்மாள் சொன்னார். மாட்டிக்கொண்டாலும் பக்கத்தில் பேசுவது கேட்கும்.

என்னிடம் முதலில் கேட்டார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. மனைவியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள் என்று அவரிடம் திரும்பினார்கள். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். டிப்போ ஆங்கிலத்தில் பிரேக் பற்றியும் கியர்பாக்ஸ் பற்றியும் நாள் முழுக்கப் பேசுவார். இதைச் சொல்ல அது போதவில்லை. இரண்டு மூன்று வாக்கியத்தில் நின்றுவிட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளர் பக்கம் பார்க்காமல் தமிழில், "இவ செத்த நேரம் வெளிய இருக்கட்டும்மா" என்றார்.

இருப்பதும் போவதும் உங்கள் மனைவியின் உரிமை என்றார் நீதிபதி. நான் எழுந்திருக்கவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இவளுக்குப் பசிக்கிறதே தெரியாதும்மா. தட்டுல போட்டுக் கையில குடுத்தாத்தான் உண்டு. சமையல் எல்லாம் நாந்தான். தனியா வெளிய விட்டா நின்ன எடத்துல நின்னுருவா. ஒருக்கா மழைக்குள்ள பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. நான் வேலையைப் போட்டுட்டு ஓடுறேன். என்னைப் பாத்து யாருன்னு தெரியல அவளுக்கு. பிள்ளை கைக்குழந்தையா இருந்தப்ப, அது அழுதா இவ காதைப் பொத்திக்கிட்டுக் கதவச் சாத்திக்கிருவா. ரெண்டு பேரையும் நாந்தான் அமத்தணும்."

கயல் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி அப்போது கொஞ்சம் தளர்ந்தது. மறுபடி இறுகியது.

"ரொம்ப முடியாமப் போச்சுன்னா செவுத்துல தலையை முட்டுவா. நிறுத்த முடியாது. முட்டுற எடத்துல என் கைய வச்சிருவேன், அம்புட்டுத்தான் செய்ய முடியும்."

கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். முட்டிகள் வீங்கிக் கோணியிருக்கும் கை. அது ஸ்பேனர் பிடித்துப் பிடித்து வந்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார். அந்தச் சமயங்களில் எனக்குச் சுவரும் தெரியாது, கையும் தெரியாது. ஸ்பேனர் என்று சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

போதும் என்கிற மாதிரி மருத்துவர் தலையசைத்தார். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. அணை உடைந்த மாதிரி என்று எழுதுவார்களே, அப்படியெல்லாம் இல்லை. கணக்கு ஒப்படைக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"எங்கய்யா செத்ததுக்கு நான் போகலம்மா. மூத்தவன் நான். கொள்ளி எந்தம்பி வச்சான். அந்தக் கொட்டுச் சத்தத்துக்குள்ள, அம்புட்டுக் கூட்டத்துக்குள்ள இவளைக் கூட்டிட்டுப் போக முடியாது. விட்டுட்டுப் போகவும் அப்ப ஆளில்ல. டிக்கெட்டு கெடைக்கலன்னு ஊருல சொன்னேன். இவகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். மூத்த மகன் கொள்ளி வைக்காமல் போவது என்றால் என்ன என்பதை அவர் அந்த மூன்று பேருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகாவது ஊருக்குப் போனீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"எந்த மொகத்தோட போக?" என்றார்.

எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். உதவித்தொகை கொடுக்கலாம் என்று தீர்ப்பு. சில வருடம் கழித்து மீண்டும் பரிசோதிப்பார்கள், அப்போதும் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். கயல் அழுதாள். அவர் மூன்று பேருக்கும் கும்பிடு போட்டார்.

6

மார்கரெட் மறுபடி வருகிறார். தெருமுனைப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். போன வாரம் கடையில் நானே காசு கொடுத்துப் பால் வாங்கினேன், மார்கரெட் பின்னால் நின்றார். வேண்டியது கிடைத்துவிட்டது.

அவர் ஊரான பந்தல்குடியில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அய்யாவுக்குக் கொள்ளி வைக்க வராதவர், வெள்ளைக்காரன் காசு கண்ணை மறைத்துவிட்டது என்று நீங்கள் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. டிக்கெட் இருந்தது. அவர் வராததற்குக் காரணம் நான். இதை எழுதினால் அம்மா கோபப்படுவார், தம்பி மகளுக்கு வந்த இடம் தட்டிப் போகலாம் என்பார். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவரிடம் கேட்டேன், "எழுதிக்கோ, எனக்கென்ன" என்றார்.

அவருக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகமே வராது. மனிதர்களின் முகத்தைப் பார்த்து அவர்கள் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்னிடம் கிடையாது. அவர் வாயிலிருந்து வரும் வார்த்தை ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தேன். அது போய்விட்டது. கை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். ஊர் ஞாபகம் வருகிறதா என்றால் சிரிக்கிறார். இவற்றில் எது நிஜம் என்று கேட்க இன்னொரு தீர்ப்பாயம் இல்லை.

நேற்று மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நீங்க சாப்பிட்டீகளா?" என்றேன்.

"அப்பவே ஆச்சு. நீ சாப்பிடு."

அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் எழுந்து போய்க் குக்கரைத் திறந்து பார்த்தேன். சோற்றில் என் தட்டுக்கு அள்ளிய குழி ஒன்றுதான் இருந்தது, மற்ற இடத்தில் கரண்டியே படவில்லை.